ஏரியைக் கடந்து வருகிறவர்கள்: ரொறன்ரோப் பூங்காக்களில் மே மாதம்

மே 7, புதன் இரவு

காற்று மாறிவிட்டது. சில நாட்களாக வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த குளிர்காற்று மதியத்தோடு ஓய்ந்து, பின்னேரம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாக வீசத் தொடங்கியது. நள்ளிரவு தாண்டியும் இதே காற்றுத்தான், விடியும் நேரத்தில் சிறு மழை என்கிறது வானிலை அறிக்கை. மே மாதத்தில் பறவை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் குளிர்காலத்தைக் கழித்த சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வடக்கே பறக்கின்றன. பொழுது சாய்ந்து அரை மணி, முக்கால் மணிக்குள் கிளம்பிவிடும். இரவில் காற்று கொந்தளிக்காது, உடல் சூடேறாது, பருந்து வல்லூறுகளின் தொல்லை இல்லை. வழிகாட்ட நட்சத்திரங்களும் பூமியின் காந்தப்புலமும் இருக்கின்றன. பின்னாலிருந்து காற்றும் தள்ளினால் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு குறைவாகக் கரையும். அதனால் தெற்குக் காற்றுக்காகக் காத்திருந்து, அது வந்ததும் பெருங்கூட்டமாகப் புறப்படுகின்றன. ஒன்ராறியோ ஏரியின் தென்கரையிலிருந்து ரொறன்ரோவுக்கு நேராக வந்தால் ஐம்பது கிலோமீற்றர் அளவுக்கு வெறும் தண்ணீர். அதைக் கடந்து விடியலில் வந்து சேரும் பறவை, கண்ணில் முதலில் படும் பச்சையில் இறங்கும். அந்தப் பச்சை பெரும்பாலும் நம்முடைய நகரப் பூங்காதான்.

இந்த நாட்களில் பாயின்ற் பீலிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கனடாப் பெருநிலத்தின் தென்கோடியில், ஈரி ஏரிக்குள் நீளும் மணல்முனை அது. 1918இல் தேசியப் பூங்காவானது. இங்கிருந்து நான்கு மணி நேரக் கார் ஓட்டம். அருமையான இடம்தான். ஆனால் இந்த மே மாதம் நான் ரொறன்ரோவை விட்டு அதிகம் நகர்வதாக இல்லை. என் வீட்டுக் கூரைக்கு மேலால் இரவிரவாகப் போகிறவற்றை என் ஊருக்குள்ளேயே பார்க்க வேண்டும். வேலைக்குப் போகுமுன் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம், வார இறுதிகள். பார்த்ததை அன்றன்றே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அப்பாவும் கூட வருகிறார். அவருக்கு என் பழைய பைனாகுலரைக் கொடுத்திருக்கிறேன். இப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டு யன்னலால் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடம், வானிலை ரேடார்களில் பதியும் பறவைக் கூட்டங்களைக் கணக்கிட்டு, அமெரிக்காவில் எந்தப் பகுதிக்கு மேல் இன்றிரவு எவ்வளவு பறக்கின்றன என்று பேர்ட்காஸ்ற் என்ற பெயரில் காட்டுகிறது. நான் அக்கரையிலுள்ள நயாகராப் பகுதியைப் பார்ப்பேன். அங்கே நள்ளிரவில் வானத்தில் இருப்பது இங்கே விடியலில் மரத்தில் இருக்கும்.

மே 8, வியாழன்

ரோசெற்றா மக்ளேன் தோட்டம், ஸ்காபரோ. விக்ரோறியா பார்க் நிலையத்திலிருந்து 12ஆம் இலக்க பஸ் கிங்ஸ்ரன் வீதி வழியாக வந்து கிட்டவே இறக்கிவிடும். 1959இல் ஒருவர் தன் மனைவியின் நினைவாக நகரத்துக்குக் கொடுத்த நிலம் இது. மனைவியின் பெயர்தான் தோட்டத்துக்கும். பூப்பாத்திகளும் பைன் மரங்களும் சமமான நடைபாதைகளும் இருக்கின்றன. தெற்கு ஓரத்தில் நிலம் முடிந்து, ஸ்காபரோ புளவ்ஸ் எனப்படும் மண்பாறை செங்குத்தாக ஏரிக்கு இறங்குகிறது. தண்ணீர்ப் பக்கமிருந்து வரும் பறவைக்கு இந்த விளிம்பில் நிற்கும் மரங்கள்தான் கரை.

ஆறு மணிக்கு உள்ளே போனபோது தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. முதல் புதரிலேயே அசைவு. யெலோரம்ப்ட் வார்ப்ளர்கள், நீலச்சாம்பல் முதுகும் இடுப்பில் மஞ்சள் பொட்டுமாக. வார்ப்ளர் என்பது பூச்சி தின்னும் சிறு பறவைகளின் குடும்பம். அடுத்த புதரிலும் அவைதான். புல்லில் வாலை ஆட்டி ஆட்டி நடந்தது பாம் வார்ப்ளர். பைன் மரத்தின் தண்டில் தலைகீழாக ஊர்ந்தது கறுப்பு வெள்ளை வரி போட்ட ஒன்று. அதன் பெயரே பிளாக் அண்ட் வைற் வார்ப்ளர்தான். மற்ற நாட்களில் இவற்றைப் பார்க்கக் கழுத்து வலிக்க உச்சிக் கிளையை அண்ணாந்து பார்க்க வேண்டும். இன்று முழங்கால் உயரத்தில் நின்றன. இரவில் வந்துகொண்டிருந்தவற்றை விடியற்கால மழை கீழே இறக்கிவிட்டது.

"பிள்ளை, இதுகள் கிட்டப் போனாலும் பறக்குதில்லையே. பயமில்லையோ?" என்றார் அப்பா.

"பயத்தைவிடப் பசி கூட அப்பா. நாங்கள் அசையாமல் நிண்டால் தங்கட பாட்டில சாப்பிடுங்கள்."

அசையாமல் நின்றோம். அதைத்தான் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லுவேன். பறவையைத் தேடி நடக்கிறவருக்குப் பாதிதான் தெரியும். நல்ல புதராக ஒன்றைப் பிடித்து அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றால் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இவை என்ன தின்கின்றன? ஏரிக்கரையில் இந்த நாட்களில் சிறு பூச்சிகள் புகையாக எழும்பும். ஏரியின் அடிச்சேற்றில் புழுவாக வளர்ந்து, வசந்தத்தில் சிறகு முளைத்து மேலே வருபவை. கடிக்காது. ஆனால் காரிலும் சுவரிலும் அப்பிக்கொள்வதால் கரையோரத்தில் குடியிருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். இரவு முழுக்கப் பறந்து வந்த பத்துக் கிராம் பறவைக்கு அந்தப் பூச்சிதான் காலைச் சாப்பாடு. இன்று ஒரு நாஷ்வில் வார்ப்ளர் இலைக்கு அடியிலிருந்து அவற்றைப் பொறுக்கியதை வெகுநேரம் பார்த்தோம். ஒரு கிளையை முடித்துவிட்டுத்தான் அடுத்த கிளைக்குப் போனது.

ஒவ்வொரு காலையும் இங்கே உடற்பயிற்சிக்கு வரும் வயதான சீனப் பெண்மணி ஒருவர், எங்கள் பைனாகுலர்களைப் பார்த்துவிட்டுக் கையால் அழைத்தார். அவருக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. பூத்து நின்ற காட்டு அப்பிள் மரத்தடிக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினார். பால்ரிமோர் ஓரியோல் ஒன்று, செம்மஞ்சளும் கறுப்புமாக, பூவுக்குள் அலகை விட்டுக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். அவரும் சிரித்துக்கொண்டு கும்பிட்டார்.

புறப்படும்போது வேலிப் பக்கமிருந்து வைற்துரோட்டட் ஸ்பரோவின் சீழ்க்கை. தெளிவான இரண்டு நீண்ட சுரம், பிறகு மூன்று மூன்றாக உடையும். இங்கத்தைய ஆட்கள் அதை "ஓ ஸ்வீற் கனடா, கனடா, கனடா" என்று பாடிக் காட்டுவார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா அதையே சீழ்க்கையடித்துக்கொண்டு வந்தார்.

மே 10, சனி

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, உலகம் முழுக்க ஆட்கள் ஒரே நாளில் பறவைகளை எண்ணி, 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் சேர்ப்பார்கள். எங்கே போய் எண்ணுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ரொமி தொம்சன் பார்க். ஊரில் எல்லோரும் லெஸ்லி ஸ்பிற் என்பார்கள்.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ரொறன்ரோவில் இதைவிடப் பிடித்த நிலம் கிடையாது. ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்குப் போகும் ஒரு மெல்லிய தீபகற்பம். இயற்கை அதை உண்டாக்கவில்லை. 1959இல் சென்ற் லோரன்ஸ் கடல்வழி திறந்தபோது, பெரிய கப்பல்கள் ரொறன்ரோவுக்கு வந்து குவியும் என்று எதிர்பார்த்து, வெளித் துறைமுகம் ஒன்றுக்கு அலைதடுப்பாக இதைக் கட்டத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை. இதற்கிடையில் நகரம் பழைய கட்டடங்களை இடித்து இடித்து வளர்ந்தது. அந்த இடிபாடுகளையெல்லாம் லொறி லொறியாகக் கொண்டுவந்து இங்கேதான் கொட்டினார்கள். செங்கல், கொங்கிறீற், கம்பி, ஓடு, நிலத்தடி ரயிலுக்குத் தோண்டிய மண். யாரும் திட்டமிட்டு நடாமலே அதன்மேல் காற்றில் வந்த விதைகள் முளைத்தன. கொற்றன்வுட் மரங்கள் உயர்ந்தன. வில்லோப் புதர்கள் அடர்ந்தன. பறவைகள் வந்தன. இன்றுவரை முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களை இங்கே பதிந்திருக்கிறார்கள்.

பூங்காவுக்குப் பெயர் தந்த ரொமி தொம்சன் இந்தப் பெருநகரத்தின் முதல் பூங்கா ஆணையாளர். "தயவுசெய்து புல்லில் நடக்கவும்" என்று பூங்காக்களில் பலகை வைத்தவர்.

கரையோரமாக நடந்தால் கடல் தேய்த்த கூழாங்கல் போலத் தெரிவது குனிந்து பார்த்தால் செங்கல் துண்டு. அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாருடைய வீட்டுச் சுவரோ. சண்டைக் காலத்தில் இடிந்த வீடுகளைப் பார்த்தவர் அவர். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "மரம் தானா முளைச்சுதோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

அதற்குள் மேலே கரகரத்த ஒரு கூச்சல். அப்பா நிமிர்ந்தார். தடித்த சிவப்பு அலகு, கறுத்த உச்சி. "உது எங்கட ஆலாவெல்லோ!" என்றார். உண்மைதான், கஸ்பியன் ஆலா. குளிர்காலத்தில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் நிற்கிற அதே இனம். இளம் வயதில் சைக்கிளில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பகுதிக்கு வேலைக்குப் போய்வந்தவர் அப்பா, பாலத்தின் இரு பக்கமும் நிற்கும் நீர்ப்பறவைகள் அவருக்கு மனப்பாடம். கொஞ்சம் தள்ளி ஒரு குட்டையோரம் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்ற வக்காவையும் அவர்தான் முதலில் கண்டார். அதுவும் இரண்டு நாட்டுக்கும் பொதுவான பறவை. அதன் பிறகு எனக்கு முன்னால் அவர் நடந்தார்.

நீர்க்காகங்களின் குடியிருப்பு பூங்காவின் பாதிக்கு மேல் போனால் வரும். ஆயிரக்கணக்கான கூடுகள், மரத்திலும் நிலத்திலும். 1990இல் முதன்முதலாக இங்கே கூடு கட்டியவை, இப்போது வட அமெரிக்காவின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. அவற்றின் எச்சத்தில் மரங்கள் பட்டுப் போகின்றன. எச்சம் விழுந்த கொற்றன்வுட் தோப்பு எலும்பாக நிற்பதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு நீர்க்காகங்கள் இருப்பதில் குறையே இல்லை. பூச்சிமருந்தால் இந்த ஏரிகளில் ஏறக்குறைய அற்றுப்போன பறவை மீண்டு வந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிது.

இன்றைய நாளின் உச்சம் பறவை ஆய்வு நிலையத்தில். மயிரிழை போன்ற மெல்லிய வலைகளைப் புதர்களுக்கு இடையில் கட்டி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்து, விழுந்த பறவைகளை மெதுவாக எடுத்து வருகிறார்கள். துணிப்பைக்குள்ளிருந்து ஓர் இளம் பெண் எடுத்தது மக்னோலியா வார்ப்ளர். காலில் எண் பொறித்த ஒரு சிறு அலுமினிய வளையம். சிறகின் நீளம். பிறகு தொண்டைக் குழியின் இறகை ஊதி விலக்கி, தோலுக்கு அடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பின் அளவைப் பார்த்தார். எடை எட்டுக் கிராம் சொச்சம். கொழுப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் இங்கே நின்று தின்றால்தான் வடக்கிலுள்ள ஊசியிலைக் காடுவரை போக முடியும் என்றார். கையை விரித்ததும் போய்விட்டது.

ஒரு பூங்கா எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தத் தொண்டைக் குழியைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான்.

திரும்பும் வழியில் வில்லோவில் பிளாக்பேணியன் வார்ப்ளர். ஆண். தொண்டை அடுப்புத் தணலாக எரிந்தது. அன்டிஸ் மலைக் காடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்திருக்கிறது. பாதையில் போன சைக்கிள்காரர் இருவர் எங்கள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு இறங்கி நின்றார்கள். அவர்களிடம் என் பைனாகுலரைக் கொடுத்தேன். "இப்படி ஒன்று இங்கே இருக்கிறதா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: வார இறுதியில் விடியலிலிருந்து திறந்திருக்கும். மற்ற நாட்களில் லொறிகள் ஓடுவதால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகுதான். நாய்க்கு அனுமதி இல்லை. நிலத்தில் கூடு கட்டும் பறவைகள் நிறைந்த இடத்தில் அது சரியான விதி.

மே 11, ஞாயிறு

நாள் முழுக்கக் குளிர் மழை. அன்னையர் தினச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் றூஜ் ஆற்று முகத்துவாரத்துக்கு மட்டும் போனோம். 2015இல் உருவான றூஜ் தேசிய நகரப் பூங்காவின் தென்முனை அது. மழையில் பூச்சி பெரும்பாலும் தண்ணீருக்கு மேல்தான் கிடைக்கும் என்பதால் தகைவிலான் குருவிகள் கூட்டமாக நீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. மார்கழியில் நம் ஊர் வயல்வெளியில் மின்கம்பியில் வரிசையாகக் குந்தியிருக்கிற இனம்தான், வேறு வழியால் வலசை போகிற கூட்டம். காருக்குள்ளிருந்தே பார்த்தோம். அப்பாவுக்கு இருமல்.

மே 13, செவ்வாய்

இன்று எழுதுவது பூங்காவைப் பற்றி இல்லை.

நேற்றிரவு நல்ல தெற்குக் காற்று. நான் வேலை செய்வது நகர மையத்தில். வழக்கத்தைவிட முன்னதாகவே யூனியன் நிலையத்தில் இறங்கி நடந்தேன். ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் அடியில், நடைபாதையில், ஓவன்பேர்ட் ஒன்று குந்தியிருந்தது. கண் திறந்திருந்தது. ஆட்கள் பக்கத்தால் போயும் அசையவில்லை. காட்டுத் தரையில் சருகுக்குள் நடந்து திரிகிற பறவை, தலையில் செம்மஞ்சள் கோடு. அதைக் கால்படாமல் மறித்துக்கொண்டு நின்றேன். கையில் சிறு வலையும் தோளில் பையுமாக ஒரு பெண் ஓடி வந்தார். ஃபிளாப் அமைப்பின் தொண்டர். பறவையை ஒரே அசைவில் எடுத்துக் காகிதப் பைக்குள் வைத்து, வாயை மடித்து, நேரத்தையும் இடத்தையும் எழுதினார். அவருடைய மற்றப் பையில் இருந்தவை உயிரற்றவை. எல்லாம் சூரியன் வருமுன் பொறுக்கியவை.

கட்டடங்களில் மோதும் பறவைகளைக் காப்பாற்ற 1993இல் ரொறன்ரோவில் தொடங்கிய அமைப்பு இது. இரவில் கட்டடங்களின் வெளிச்சம் வலசைப் பறவைகளை நகரத்துக்குள் இழுக்கிறது. விடிந்ததும் கண்ணாடியில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிசம் என்று நம்பிப் பறந்து மோதுகின்றன. இவர்களுடைய பல வருட வேலைக்குப் பிறகு, 2010இலிருந்து ரொறன்ரோவில் புதிதாக எழும்பும் பெரிய கட்டடங்களின் கீழ்த்தளங்களில் பறவைக்குத் தெரியும்படி குறியிட்ட கண்ணாடி கட்டாயமாகியது. பழைய கட்டடங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் கோபுரங்களை மட்டும் நோகிறது சரியில்லை. கனடாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 2.5 கோடிப் பறவைகள் கண்ணாடியில் மோதிச் சாகின்றன என்று 2013இல் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு சாதாரண வீடுகளில். உயர்ந்த கோபுரங்களின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஒரு வீட்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் மோதும்; வீடுகளோ ஏறக்குறைய ஒரு கோடி. மார்க்கம், ஸ்காபரோ, பிரம்ரன் என்று நாங்கள் வாங்கிய வீடுகளும் அந்தக் கணக்கில் உண்டு. பின்வளவைப் பார்த்த பெரிய கண்ணாடிக் கதவு, அதற்கு நேரே ஒரு மரம், மரத்தில் தீனிப் பெட்டி. எங்கள் வீடும் அப்படித்தான்.

இன்று பின்னேரம் அப்பாவும் நானும் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கத்தில் பொட்டு ஒட்டினோம். ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்று. வெளிப்பக்கம் என்பது முக்கியம், உள்ளே ஒட்டினால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். ஒற்றைப் பருந்துப் படம் ஒன்றை நடுவில் ஒட்டி வைப்பதாலும் பயனில்லை. பறவை அதைச் சுற்றிப் போய் பக்கத்தில் மோதும். அப்பா தையல் நாடாவால் அளந்து அளந்து குறித்தார், நான் ஒட்டினேன். இருட்டுகிற வரை நடந்தது வேலை. உள்ளேயிருந்து பார்த்தால் பொட்டுகள் கண்ணுக்கே தெரியவில்லை.

மோதி மயங்கிய பறவையைக் கண்டால்: காகிதப் பையிலோ மூடியுள்ள அட்டைப் பெட்டியிலோ வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காதீர்கள். ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரை அழைத்துக் கேளுங்கள்.

மே 17, சனி

ஹை பார்க். செரிப் பூ முடிந்துவிட்டது, கூட்டமும் போய்விட்டது. 1959இல் தோக்கியோ மக்கள் கொடுத்த அந்த மரங்களுக்காக வருகிறவர்களில் பலர் கறுப்பு ஓக் மரங்களைக் கவனிப்பதில்லை. எனக்கு இந்தப் பூங்காவின் உயிரே அந்த ஓக் நிலம்தான். மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, நடுவில் உயர்ந்த புல். நெருப்பால் வாழும் நிலம் என்பதால், வசந்தத்தில் கட்டுப்படுத்தித் தீ வைத்துப் பராமரிக்கிறார்கள்.

ஓக் இப்போதுதான் பூத்துத் தொங்குகிறது. இளம் இலையைத் தின்னும் மெல்லிய பச்சைப் புழுக்கள் இந்த வாரத்தில்தான் பொரிக்கும். வலசை முழுதும் இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் நடக்கிறது. இலை விரியும் வாரம், புழு வரும் வாரம், பறவை வரும் வாரம் மூன்றும் ஒன்றாக வேண்டும். பூமி சூடேறி இலை முந்திக்கொண்டால் தென் அமெரிக்காவிலிருந்து புறப்படும் பறவைக்கு அது எப்படித் தெரியும்? 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன, நூற்றுக்கு 29 என்று 2019இல் வந்த ஆய்வை வாசித்த நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் எனக்குள் ஒரு பதற்றம் இருக்கிறது. என் பிள்ளைக்காலத்தில் நான் இங்கே இல்லை. முன்பு எவ்வளவு இருந்தன என்று ஒப்பிட எனக்கு நினைவு கிடையாது. இங்கே வெகுகாலம் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்கும்போதுதான் உறைக்கிறது.

ஸ்காலற் ரனேஜர் ஒன்று உச்சிக் கிளையில் இருந்தது. உடல் முழுக்கச் சிவப்பு, சிறகு கறுப்பு. கீழே படம் எடுக்க நின்ற ஒருவர், அதை இறக்குவதற்காகக் கைப்பேசியில் அதே இனத்தின் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். பறவை வேறோர் ஆண் வந்துவிட்டது என்று பதறி அங்கும் இங்கும் பறந்தது. அப்பா என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"பாவம் பிள்ளை. பொய்க்குக் கூப்பிடுறார்."

நான் போய், பறவை களைத்து வந்திருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பறவை தானாகவே தாழ்ந்த கிளைக்கு வந்தது. அவருக்கும் படம் கிடைத்தது. இதை எழுதுவது ஒரு கோரிக்கையாக: வலசைக் காலத்தில் பாட்டைப் போட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். அதற்குத் தின்ன மட்டும்தான் நேரம் இருக்கிறது.

மே 24, சனி

கேணல் சாமுவேல் சிமித் பார்க், எற்ரோபிக்கோ. விடியுமுன் காரில் கிளம்பினோம். பஸ்ஸில் என்றால் கென்னடியிலிருந்து கிப்ளிங் வரை ரயில் பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், 44ஆம் இலக்க பஸ்ஸில் தெற்கே ஏரிவரை வர வேண்டும். இதுவும் மண் கொட்டி ஏரிக்குள் உண்டாக்கிய முனைதான். பழைய மனநல மருத்துவமனையின் செங்கல் கட்டடங்கள் இப்போது கல்லூரியாக இருக்கின்றன, அவற்றைத் தாண்டினால் கரை.

மே மாதத்தின் கடைசிப் பகுதியில் இங்கே ஆட்கள் கூடுவது விம்பிரல் என்ற பறவைக்காக. காகம் அளவு உடம்பு, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. வேர்ஜீனியாவின் கடலோரச் சதுப்பில் சில வாரம் நண்டு தின்று கொழுத்து, பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, இரவோடிரவாக நிலத்தைக் கடந்து, காலையில் ஒன்ராறியோ ஏரிக்கு மேல் வரும். போவது ஹட்சன் விரிகுடாவுக்கும் அதற்கு அப்பாலும். இங்கே இறங்குவது அருமை. இறங்காதவற்றைப் பார்க்கத்தான் இத்தனை பேர் ரெலஸ்கோப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு தெற்கே பார்க்கிறார்கள்.

காத்திருந்த நேரத்தில் அப்பாவுக்கு ஹோப்பின் கதையைச் சொன்னேன். 2009 மே மாதத்தில் வேர்ஜீனியாவில் பிடித்து, முதுகில் செய்மதிக் கருவி பூட்டி விட்ட விம்பிரல். வடமேற்குக் கனடாவின் மக்கென்சி ஆற்று முகத்துவாரத்தில் கோடை, கரீபியனில் சென்ற் குரோய் தீவின் ஒரே குளத்தில் குளிர்காலம் என்று வருடா வருடம் போய்வந்தது. கருவி இருந்த காலத்தில் மட்டும் 80,000 கிலோமீற்றர் பறந்தது. 2017இல் மரியா சூறாவளிக்குப் பிறகு அந்தக் குளத்தில் அதைக் காணவில்லை. மச்சி, கோஷன் என்று இன்னும் இரண்டு. 2011இல் புயல்களைத் தாண்டி வந்து குவாதலூப் தீவில் இறங்கியபோது வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். சூறாவளிக்குத் தப்பியவை.

"சுட்டவனுக்குத் தெரியுமே, அது எங்கயிருந்து வருகுதெண்டு?" என்றார் அப்பா. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏரியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் யாரோ "தெற்கே, அடிவானத்துக்கு மேல்" என்றார். முதலில் ஒரு கோடு. பிறகு கோட்டில் அசைவு. ஐம்பது அறுபது பறவைகள், அகன்ற ஆப்பு வடிவில், நேராக எங்களை நோக்கி. எங்கள் தலைக்கு மேல் வந்தபோது வளைந்த அலகுகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. வேகமாக அடுக்கி அடுக்கிக் கூப்பிடும் குரல். பண்ணைக் கடலில் நிற்கும் அதன் நெருங்கிய உறவுக்காரப் பறவையின் குரலும் இதற்குக் கிட்டத்தான் இருக்கும். அப்பா வாயைத் திறந்து அண்ணாந்தபடி கூட்டத்தோடு சேர்ந்து திரும்பித் திரும்பி, வடக்கே கட்டடங்களுக்கு மேலால் அவை மறையும் வரை பார்த்தார். எண்ணுகிறவர்கள் பத்துப் பத்தாக எண்ணி ஏட்டில் எழுதினார்கள். ஒன்பது மணிக்குள் இன்னும் பல கூட்டம் போனது, பெரியதும் சிறியதுமாக. நல்ல காலையில் நூற்றுக்கணக்கில் வரும் என்பதைக் கண்ணால் கண்டோம்.

படகுத்துறைப் பக்கம் சிவந்த கழுத்து கிறீப் (முக்குளிப்பான்) ஒன்று மிதக்கும் மேடையில் கூட்டில் உட்கார்ந்திருந்தது. தொண்டர்கள் செய்து மிதக்கவிட்ட மேடை. அதன் சோடி பாசியை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து கொடுத்தது. இவை இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிறவை.

இந்த வசந்தத்தில் பிளாக்போல் வார்ப்ளரை நான் இன்னும் பார்க்கவில்லை. வார்ப்ளர்களில் கடைசியாக வருவது அது. பன்னிரண்டு கிராம். இலையுதிர்காலத்தில் அத்லாந்திக் சமுத்திரத்துக்கு மேலால் 2,270 முதல் 2,770 கிலோமீற்றர் வரை, மூன்று நாளளவும் இறங்காமல் பறக்கிறது என்பதை 2015இல் வந்த ஆய்வு, பறவையின் முதுகில் வைத்த சின்னக் கருவியால் உறுதிசெய்தது. அதைத் தேடி நாளை விற்பியில் உள்ள திக்சன்ஸ் வூட்ஸ் போகிறோம். ஏரியோரம் நிற்கும் சிறு பைன் காடு அது. மரம் வெட்டத் தொடங்கிய பிறகு உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் காசு சேர்த்து வாங்கிக் காப்பாற்றினார்கள். ஆறு மணிக்கு வாசலில் நிற்போம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தன்னுடையதைக் கொடுத்து மாறி மாறிப் பார்க்க அப்பா சம்மதித்துவிட்டார்.